தாய்மாமன் கொடுத்த கடற்கரை

மலாக்கா காஜா பெராங்கில் தோசைக்கார ருக்மணியைத் தெரியாதவர்கள் கிடையாது. அவளைத் தெரிந்தவர்களுக்கு அவள் அண்ணன் தம்பிராஜாவையும் தெரிந்தே ஆகவேண்டும், வேறு வழியில்லை. பசியாற வந்து பலகையில் உட்கார்ந்தவன் இரண்டாவது தோசைக்குக் கை நீட்டுவதற்குள், தம்பிராஜா அரசாங்க ஆபீஸில் சீனியர் கெராணியானதும், அவன் இங்கிலீஷைக் கேட்டு ஆபீஸை ஆண்ட வெள்ளைக்காரத் துவானே அசந்துபோனதும், கோயில் கமிட்டிக்கு அவன் செக்ரட்டரியானதும் எல்லாம் வந்தவன் காதில் விழுந்துவிடும். சட்னி கேட்டால்கூடக் கொஞ்சம் தாமதமாகும். அண்ணன் பேச்சு தாமதமானதே இல்லை.

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பாசத்துக்குக் காரணமும் இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் அரிசியைக் கண்ணால் பார்ப்பதே பெரும்பாடாக இருந்தபோது, "என் தங்கச்சி கல்யாணத்துல மரவள்ளிக்கெழங்கு பரிமாற மாட்டேன்" என்று சைக்கிளை மிதித்துக்கொண்டு தம்பின் ஊர் வரைக்கும் போனவன் அவன். வழியில் சோல்ஜர்கள் பிடித்துக் கன்னத்தில் அறைந்து, வெயிலில் மண்டியிட வைத்தார்கள். வீங்கின முகத்தோடும் ஒரு மூட்டை அரிசியோடும்தான் திரும்பி வந்தான். அப்படிப்பட்ட அண்ணனை ஒருத்தி தலையில் வைத்துக் கொண்டாடினால் அவளை எப்படிக் குறை சொல்வது?

அவள் தோசை சுட்டதும் குடியிருந்ததும் அப்பா அப்பாசாமி கட்டிய பலகை வீட்டில். ரப்பர் தோட்டத்திலிருந்து வெறுங்கையோடு டவுனுக்கு வந்து, மாட்டுவண்டி ஓட்டி, அந்த மனுஷன் பலகை பலகையாகச் சேர்த்துக் கட்டிய வீடு அது. கடைசிக் காலத்தில் அவர் படுக்கையில் விழுந்தபோது மலஜலம் எடுத்ததும், கஞ்சி ஊட்டியதும் ருக்மணியும் அவள் புருஷன் சுப்பையனும். சுப்பையன் முனிசிபல் தண்ணிக் குழாய் பிரிவில் வேலை. வாயைத் திறந்து பேசுவது வருஷத்துக்கு இரண்டு தடவை. தம்பிராஜா அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போவான். மெர்டேக்கா என்கிற சுதந்திரத்துக்கு இரண்டு மாதம் முன்னால் கிழவர் கண்ணை மூடினார். வீட்டில் ஆளுக்குப் பாதி என்று சட்டம் சொன்னது. ருக்மணி அதைப்பற்றி மூச்சு விடவில்லை. பங்கு கேட்கிற தங்கச்சிக்கு அப்புறம் அண்ணன் வீட்டு வாசற்படி ஏது, சீர் ஏது, செனத்தி ஏது? நம் பெண்கள் பயப்படுகிற முதல் பயமே அதுதானே. இருந்த வீட்டில் அடுப்பு எரிந்தது, அது போதும் என்று இருந்தாள்.

தை மாதத்தில் அவள் மகள் சிவகாமி பெரிய மனுஷியானாள். சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் சீர் கோயிலிலிருந்து புறப்பட்டு, மேளத்தோடு தார்ச் சடக்கு வழியாக வந்தபோது சீன முதலாளிகளான தவ்கேமார் கடைகளிலிருந்துகூட எட்டிப் பார்த்தார்கள். பட்டுப்புடவைத் தட்டு, வளையல் தட்டு, பழத்தட்டு, பலகாரத்தட்டு. எல்லாவற்றுக்கும் பின்னால், சிவப்புத் துணி மூடிய ஒரு தட்டைத் தம்பிராஜாவே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். பக்கத்தில் அவன் மனைவி சந்திரமதி, தட்டில் என்ன இருக்கிறதென்று தெரிந்த முகத்தோடு, யாரையும் பார்க்காமல் நடந்து வந்தாள்.

பந்தலுக்கு நடுவில் நின்று தம்பிராஜா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான். முக்கியமான பேச்சென்றால் அவனுக்கு அது இல்லாமல் முடியாது.

"நம்ம நாட்டுக்குச் சுதந்திரம் கெடச்சு இன்னும் ஒரு வருஷம் ஆகல. இந்த வருஷத்துல என் தங்கச்சிக்கு நான் இன்னொரு நாட்டுல மண்ணு கொடுக்கறேன்" என்றான். "வட போர்னியோவுல தஞ்சோங் பெர்மாய்னு புதுசா ஒரு கடற்கரை டவுன் எழும்புது. முன்வரிசை மனை லாட். வாசக்கதவைத் தெறந்தா கடல். அதைத்தான் என் மருமக சீர்ல வெச்சிருக்கேன்."

துணியை விலக்கினான். வெற்றிலை, பாக்கு, குண்டு மஞ்சள், அதற்கு நடுவில் லாட் நம்பர் போட்ட பத்திரமும், கம்பெனி அச்சடித்த வர்ணப் படமும், ஒரு போட்டோவும். வர்ணப் படத்தில் தென்னை மரங்கள், பாண்டு வாத்தியம் வாசிக்க ஒரு மண்டபம், குடை பிடித்த வெள்ளைக்காரிகள். அதெல்லாம் கம்பெனிக்காரன் கைவேலை, யாரும் அதில் மயங்கவில்லை. போட்டோவில்தான் மயங்கினார்கள். அதில் தம்பிராஜாவே நின்றான். பின்னால் கடல், சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் ஈர மணல், வெள்ளைக் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வெறுங்காலோடு நின்றான்.

போட்டோ கைமாறிக் கைமாறிப் பெண்கள் பக்கம் வந்தது. பக்கத்து வீட்டுப் பொன்னம்மாவின் கண்ணில்தான் அது முதலில் பட்டது.

"அடியே, காலைப் பாருங்கடி! சப்பாத்தைக் கழட்டிட்டு நிக்கறாரு! சப்பாத்து இல்லாம வாசப்படி தாண்டாத மனுஷன்!"

"மொதமொதல்ல சொந்த மண்ணை மிதிக்கறாரில்ல? பூமாதேவியாச்சே" என்றாள் இன்னொருத்தி.

"படிச்சவரா இருந்தும் பாரேன், பக்தியை விடலை."

அவ்வளவுதான், பந்தல் முழுக்க அதே பேச்சு. பூசாரி போட்டோவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வேறு சனங்களாக இருந்தால் லாட்டின் அளவென்ன, சடக்கு உண்டா, கிணறு உண்டா என்று கேட்டிருப்பார்கள். நம்மவர்கள் காலைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எங்கே போய் முட்டிக்கொள்வது!

சீர்த்தட்டை வாங்குகிறவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாளே தவிர, திருப்பித் திருப்பியா பார்ப்பாள்? புடவையில் கிழிசல் உண்டா, பழத்தில் அழுகல் உண்டா என்று தேடினால் அது அண்ணன் முகத்தில் உமிழ்ந்த மாதிரி. ருக்மணி தட்டை வாங்கினாள், ஒற்றிக்கொண்டாள், சாமி மாடத்தில் கொண்டுபோய் வைத்தாள். அன்றைக்கு ராத்திரி சுப்பையன் அந்த வருஷத்து முதல் பேச்சைப் பேசினான்.

"ருக்கு, அந்த எடத்தை நாமளும் ஒரு நட போய்ப் பாத்துட்டு வந்தா என்னா?"

"எங்கண்ணன் பாத்தாச்சில்ல? அப்பறம் நாம வேற என்னா பாக்கறது?" என்று அவள் சீறியதில், மனுஷன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சடங்கு முடிந்த அடுத்த வாரமே தம்பிராஜா வந்தான். வீட்டை ஒரே பெயரில் மாற்றிவிட்டால் வரி கட்ட வசதி, லாயரிடம் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்றான். "உனக்குத்தான் அங்க எடம் இருக்கே ருக்கு. அங்க வீடு எழும்பற வரைக்கும் இங்கேயே இரு. உன்னை யாரு போகச் சொல்றா?" ருக்மணி இருந்த புடவையோடு கிளம்பினாள். கையெழுத்துப் போடத்தான் அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எழுத்து அவ்வளவாகப் பழக்கமில்லை. தம்பிராஜா பக்கத்தில் நின்று ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தான். பாதி வீடு அப்படித்தான் கைவிட்டுப் போனது, அவள் பெயரை அவளுக்கே எழுத்துக்கூட்டிச் சொல்லி.

அதற்கப்புறம் அவள் பேச்சே மாறிவிட்டது. கடற்கரையில் கடை போடுவாளாம். கப்பல்காரர்கள் பசியாற வருவார்களாம். தோசைக்கு மீன் குழம்பு ஊற்றிக் கொடுப்பாளாம். பொன்னம்மாவுக்கு உள்ளூரப் புகைந்தது, ஆனாலும், "போனா எங்களையெல்லாம் மறந்துடாதடி" என்று சொல்லிவைத்தாள்.

பங்குனி கடைசியில், மாவு அரைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஓர் ஆள் வந்து வாசலில் அளவு நாடாவை நீட்டினான். யாரென்று கேட்டதற்குத் துணிக்கடை முதலாளி அனுப்பினார் என்றான். வீட்டை வாங்கியாயிற்று, இடித்துவிட்டு மாடிக் கடை கட்டப்போகிறார், ஆடிக்குள் காலி பண்ணிக் கொடுக்கவேண்டும். ருக்மணி மாவுக் கையோடு செமாபோக்குக்குப் பஸ் ஏறினாள். தம்பிராஜா இப்போது அங்கே செங்கல் வீடு வாங்கிக் குடியேறியிருந்தான்.

"நல்ல வெல வந்துது, விட மனசில்ல. உனக்கென்னா கவலை? அதுதான் கடற்கரையே இருக்கே" என்றான்.

"அப்ப நாங்க போய் எடத்தைப் பாத்து, குடிசையாவது போடணும் அண்ணே."

தம்பிராஜா கண்ணாடியைக் கழற்றினான். "இப்ப வேணாம். கடல் காத்து மாறட்டும். நானே கூட்டிட்டுப் போறேன்."

"ஆடிக்குள்ள காலி பண்ணச் சொல்றாங்களே?"

"சொல்றேன்ல!" என்று ஓர் அதட்டு. பிறந்ததிலிருந்து அவன் அவளை அதட்டியதே கிடையாது. பஸ்ஸில் வரும்போது அந்த அதட்டலே அவள் காதில் நின்றது. வயதுக்கு வந்த பெண்ணை வைத்துக்கொண்டு ஆடிக்குப் பிறகு எங்கே படுப்பது என்கிற பயம் அதைவிடப் பெரிதாக நின்றது. வீடு சேர்ந்ததும் இரண்டு வளையலைக் கழற்றிச் சுப்பையன் கையில் வைத்தாள். "நீங்க சொன்ன மாதிரி போய்ப் பாத்துடலாங்க. எங்கண்ணன்கிட்டச் சொல்லவேணாம். போய்ட்டு வந்து சொல்லிக்கலாம், சந்தோசப்படுவாரு." அப்போதும் பாருங்கள், சந்தோஷப்படுவான் என்றுதான் நினைத்தாள்.

புது அரசாங்கத்தின் புது பாஸ்போர்ட்டு எடுத்தார்கள். சிவகாமியைப் பொன்னம்மா வீட்டில் விட்டுவிட்டுச் சிங்கப்பூர் போய், அங்கிருந்து கப்பல் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு வட போர்னியோவின் ஜெஸல்டன் துறைமுகத்தில் போய் இறங்கினார்கள். ருக்மணிக்கு வழியெல்லாம் வாந்தி. ஆனால் எலுமிச்சம் பழத்தை முகர்ந்துகொண்டே, கடை வாசல் கிழக்குப் பார்த்தா வடக்குப் பார்த்தா என்று சுப்பையனிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். ஜெஸல்டனிலிருந்து லோரி, லோரி போகாத இடத்திலிருந்து படகு. படகுக்காரர் ஒரு மலாய்க் கிழவர், பெயர் பாக் சாலே. பல்லில்லாத வாய், நல்ல மனுஷர். தஞ்சோங் பெர்மாய் என்றதும் அவர் இரண்டு பேரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு துடுப்பை எடுத்தார்.

காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் பாக்காவ் எனும் அலையாத்தி மரங்கள் வேரைத் தண்ணீரில் ஊன்றிக்கொண்டு நின்றன. கொஞ்ச தூரம் போனதும் பாக் சாலே துடுப்பை மடியில் வைத்துக்கொண்டார். படகு நின்றது. சுற்றிலும் தண்ணீர். தண்ணீருக்கு மேலே, லாட் எல்லைக்கு நட்டு சிவப்புச் சாயம் அடித்த மரக்கட்டைகள் ஒரு சாண் ஒரு சாண் உயரத்துக்கு, வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன.

"ஏன் நிறுத்திட்டீங்க பாக்? கரைக்குப் போங்க" என்றாள் ருக்மணி மலாயில்.

"இதுதான் கரை, மகளே."

"இல்ல, லாட்டுக்கு. முன்வரிசை."

"முன்வரிசை இதுதான். பின்வரிசை அந்த மரங்களுக்குள்ள இருக்கு. அங்க இதைவிட மோசம், முதலை உண்டு."

ருக்மணி படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. அடியில் சேறு, சேற்றில் சின்னச் சின்ன ஓட்டைகள், ஒரு நண்டு. சுப்பையன் பக்கத்துக் கட்டையில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்தான், சட்டைப் பையிலிருந்த பத்திரத்தைப் பார்த்தான், அவர்களுடையதேதான். திடீரென்று அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாது மனுஷன், அடக்கி அடக்கிப் பார்க்கிறான், முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறான்.

"குழாய் வேலைக்காரன் நான்! எனக்கே தண்ணிக்குள்ள வீடு!" என்றான்.

ருக்மணி சிரிக்கவில்லை. கம்பெனிக்காரன் அண்ணனையும் ஏமாற்றிவிட்டான், பாவி, அண்ணனுக்குத் தெரிந்தால் நெஞ்சு வெடித்துப் போய்விடுமே என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அதை மலாயில் புலம்பவும் செய்தாள். எங்கண்ணன் வந்தபோது மணலாக இருந்ததே, போட்டோவிலே பார்த்தோமே, இடம் மாற்றிக் காட்டியிருக்கிறான் கம்பெனிக்காரன் என்று. பாக் சாலே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "போன வருஷம் வந்தாரே, அவரா?" என்றார். "உயரமா, மூக்குக்கண்ணாடி போட்டுக்கிட்டு, அதைக் கழட்டிக் கழட்டித் துடைப்பாரே?"

"அவரேதான்! எங்கே கூட்டிட்டுப் போனீங்க அவரை?"

"இங்கேதான். இதே கட்டைக்கு."

கிழவர் மறைத்துப் பேசத் தெரியாதவர். நடந்ததை நடந்தபடி சொன்னார். காலையில் வந்தபோது இதே மாதிரி தண்ணீர் நிறைந்திருந்ததாம். அந்த மனுஷர் தலையில் கை வைத்துக்கொண்டு படகிலேயே உட்கார்ந்துவிட்டாராம். கம்பெனி ஆளைக் கெட்ட வார்த்தையில் திட்டினாராம். அப்புறம் அழுதாராம், பாக் சாலேதான் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

"அழுது முடிச்சிட்டு, இந்தத் தண்ணி எப்பவாவது எறங்குமான்னு கேட்டார். மத்தியானம் எறங்கும், கொஞ்சம் மணல் தெரியும், ஒரு சாப்பாடு சாப்பிடற நேரம் நிக்கும், மறுபடி ஏறிடும்னேன். அதுவரைக்கும் காத்திருப்போம்னு எங்க வீட்டுல வந்து உக்காந்தார். தண்ணி எறங்கினதும் ஓடிப்போய் நின்னு, கம்பெனி ஆளையே படம் எடுக்கச் சொன்னார். சேறு ஒட்டிடும்னு சப்பாத்தைக் கழட்டி இதோ இந்தப் படகுப் பலகை மேல வெச்சார். நல்ல சப்பாத்து. நான்தான் பாத்துக்கிட்டேன்."

ருக்மணி அந்தப் பலகையைப் பார்த்தாள். பந்தலில் அத்தனை பேரும் கும்பிட்ட கால் அவள் நினைவுக்கு வந்தது. பூமாதேவிக்காகக் கழற்றவில்லை, சப்பாத்து பாழாகாமல் இருக்கக் கழற்றியிருக்கிறான்.

"திரும்பி வர்றப்ப எங்கிட்டயே அந்த எடத்தை விக்கப் பாத்தார்" என்று பாக் சாலே சிரித்தார். "நான் எதுக்குக் கடலை வெல கொடுத்து வாங்கணும்? தினமும் சும்மாதானே மீன் பிடிக்கறேன்னேன். அப்பறம், இங்கே எடம் பாக்க நெறைய பேர் வர்றாங்களான்னு கேட்டார். ஒருத்தரும் வர்றதில்லைன்னேன். அதைக் கேட்டப்புறம்தான் அவர் மொகம் தெளிஞ்சுது."

ருக்மணி அவரை அதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். அவர் திரும்பச் சொன்னார். முகம் தெளிஞ்சுது. அவ்வளவு நேரம் கம்பெனியைச் சபித்துக்கொண்டிருந்த வாய் அதோடு மூடிக்கொண்டது. நிலம் போனதல்ல, வீடு போனதுமல்ல, தெரிந்துகொண்டே கொடுத்தான் என்பதுதான் அவளைச் சுட்டது. தண்ணீருக்கு நடுவில் நின்று யார் தலையில் கட்டலாம் என்று யோசித்திருக்கிறான். யோசித்தபோது தங்கச்சி முகம் வந்திருக்கிறது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் அவன் முகம் தெளிந்திருக்கிறது.

ஊர் திரும்புகிற வரைக்கும் அவள் வாந்தி எடுக்கவில்லை, பேசவுமில்லை. சுப்பையன்தான் பேசிக்கொண்டே வந்தான். அத்தனை வருஷமாகப் பேசாததையெல்லாம் அந்தக் கப்பலில் பேசித் தீர்த்தான் அந்த மனுஷன், அவள் பைத்தியமாகிவிடக்கூடாதே என்று.

மலாக்கா வந்து இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் செமாபோக்குக்குப் போனார்கள். தம்பிராஜா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். ருக்மணி உட்காரவில்லை.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க அங்க போனப்ப எடத்துல தண்ணி நின்னுச்சா, இல்லியா?"

கை கண்ணாடிக்குப் போயிற்று. "போனீங்களா? யார் போகச் சொன்னது? அது வந்து... கம்பெனிக்காரன் மண்ணு கொட்டி மேடாக்கித் தர்றேன்னு..."

"பாக் சாலே உங்க சப்பாத்தைப் பத்திச் சொன்னாரு."

தம்பிராஜா பேப்பரை மடித்தான். மடித்ததை மறுபடியும் மடித்தான். உள்ளேயிருந்து சந்திரமதி காப்பியோடு வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என் ஆயுசு சம்பாத்தியம் ருக்கு" என்றான் கடைசியில். "வர்ணப் படத்தைப் பாத்து முழுசையும் கொட்டிட்டேன். அங்க போய்ப் பாத்தப்ப அப்படியே தண்ணியில குதிச்சிடலாமான்னு இருந்துச்சு."

"குதிக்கலியே. போட்டோ இல்ல எடுத்துக்கிட்டீங்க."

"வேற என்னா பண்ணச் சொல்றே? யாருகிட்டக் கொண்டுபோய் அதைத் தள்ளறது? ஊருல எவனா இருந்தாலும் கப்பலேறிப் போய்ப் பாத்துட்டுத்தான் வாங்குவான். நீ ஒருத்திதான் பாக்காம வாங்குவே."

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்திருக்கவேண்டும். முகத்தை மூடிக்கொண்டான். அவன் சொன்னது பொய்யில்லை, அதுதான் கொடுமை. அவள் வாழ்நாளெல்லாம் அவன் மேல் வைத்திருந்த நம்பிக்கையை அவன் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தான், அதன் விலை என்ன என்பது வரைக்கும்.

சுப்பையன் ஓர் அடி முன்னால் வந்தான். ருக்மணி கையை நீட்டி அவனைத் தடுத்தாள்.

சந்திரமதி காப்பியைக் கீழே வைத்தாள். "போனது போச்சு ருக்கு. உள்ளுக்குள்ளயே பேசி முடிச்சிடலாம். பின்கட்டு ரூம்பு சும்மாதானே கெடக்கு? மூணு பேரும் இங்கேயே வந்துடுங்க. வயசுக்கு வந்த புள்ளைய வெச்சிக்கிட்டு எங்க போவீங்க? வெளியில மட்டும் சொல்லிக்கவேணாம். கோயில் கமிட்டிக்கு இவருதான் இந்தத் தடவை தலைவரா வரப்போறாரு."

"ஆமா ருக்கு, வந்துடு. நான் இருக்கறவரைக்கும் உன்னை விட்டுடுவேனா?" என்றான் தம்பிராஜா முகத்திலிருந்து கையை எடுத்து.

அந்த நேரத்தில் அவளுக்குப் போக்கிடம் கிடையாது என்பதை மறந்துவிடாதீர்கள். ஆடிக்கு இருபது நாள்கூட இல்லை. அந்தப் பின்கட்டு அறை ஓட்டுக்கூரை போட்ட, ஒழுகாத அறை. அவள் அப்பா வீட்டை விற்ற காசு போட்ட கூரை அது. அவள் வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடித்தது என்றால், கொஞ்ச நேரம் பிடித்ததுதான்.

"வரமாட்டேன் அண்ணே. நான் இங்க வந்து குந்தினா, தங்கச்சிய வெச்சிக் காப்பாத்தற அண்ணன்னு ஊரு உங்களைச் சொல்லும். வீடு போச்சு, போகட்டும். அந்தப் பேரை மட்டும் உங்களுக்கு நான் வாங்கித் தரமாட்டேன்."

காப்பியைத் தொடாமல் இரண்டு பேரும் வெளியேறினார்கள்.

அதே டவுனில், தெங்கேராவில் ஒரு வீட்டுப் பின்பக்கம் ஒரே ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. அடுப்பு வெளியில் போட்டுக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். ஆனி முடிய இரண்டு நாள் இருக்கும்போது லோரி வந்து நின்றது. காஜா பெராங் சனங்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். அவர்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. இடம் எப்படி என்று கேட்ட பொன்னம்மாவிடம்கூட ருக்மணி சொல்லியிருக்கவில்லை. அது வாயில் வரவில்லை. அண்ணனைப் பற்றி நல்லது பேசியே பழகின வாய் அது.

சாமான் பாதி ஏறிய நேரத்தில் தம்பிராஜா வந்து இறங்கினான். மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டுப் போனபிறகும் வந்தான், என்ன துணிச்சல்! வெள்ளைச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "என் தங்கச்சி சாமானை நான் தூக்காம வேற யாரு தூக்கறது?" என்று ஊர் கேட்கச் சத்தமாகச் சொல்லிவிட்டு, பாத்திரம் நிறைந்த இரும்புப் பெட்டியை அப்படியே இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிவிட்டான். கனமான பெட்டி. கழுத்து நரம்பு புடைத்தது.

"பாருங்க, செக்ரட்டரியா இருந்தும் கூலிக்காரன் மாதிரி தூக்கறாரு! அண்ணன்னா இப்படில்ல இருக்கணும்!" என்றாள் பொன்னம்மா. அவள் ருக்மணியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "சாமான் நேரா சிங்கப்பூருக்கா? கப்பல் என்னிக்கு? கடற்கரைக்குப் போய்ட்டு எங்களை மறந்துடப்போறே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தம்பிராஜா பெட்டிக்கு மேலாக ருக்மணியைப் பார்த்தான். வேண்டாம் என்று அந்தக் கண் கெஞ்சியது. அவளுக்கு அது புரிந்தது. முகம் வீங்கி அரிசி மூட்டையோடு வந்த அந்த அண்ணனுக்காக அவள் எதையும் விட்டுக்கொடுப்பாள். ஆனால் இப்போது எதிரே நிற்கிறவனுக்காக விட்டுக்கொடுக்க அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

"கப்பலுமில்ல, கடற்கரையுமில்ல பொன்னம்மாக்கா" என்றாள். கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் கேட்டது. "அவர் கொடுத்த எடம் கடலுக்குள்ள கெடக்கு. அதை அவரு நேருல போய்ப் பாத்து, அழுதுட்டு வந்து, அதுக்கப்பறம்தான் எனக்குச் சீரு வெச்சாரு. நாங்க தெங்கேராவுக்கு வாடகை ரூம்புக்குப் போறோம்."

பொன்னம்மா மெல்லத் தோளிலிருந்து கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். சுப்பையன் பெண்ணைத் தூக்கி லோரியில் ஏற்றினான், ருக்மணிக்குக் கை கொடுத்தான். தம்பிராஜா பெட்டியை அணைத்தபடி சடக்கு நடுவில் நின்றான். முகமெல்லாம் வியர்வை. சுற்றிலும் அத்தனை ஆண்பிள்ளைகள் நின்றார்கள். ஒருத்தரும் வந்து ஒரு பக்கம் பிடிக்கவில்லை.